அடுத்தவன் கட்டாத பணம்

எங்கள் தங்கவயலில் வண்டிக்கு இன்சூரன்ஸ் போடுவது போலீஸுக்காக. பேத்தமங்கலம் ரோட்டிலோ பங்காருப்பேட்டை ரோட்டிலோ நிறுத்திக் கேட்டால் நீட்ட ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லேப்டாப்பும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம், "இருக்கறதுலயே கம்மியா ஒண்ணு போட்டுக் குடுண்ணா" என்பதுதான். நூறு சி.சி. வண்டிக்கு தேர்டு பார்ட்டி பிரீமியம் 2022 ஜூனிலிருந்து வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. அதற்கு மேல் ஓட்டுகிறவருக்கு ஒரு விபத்துக் காப்பு, பின்னால் உட்காருகிறவருக்கு ஒரு காப்பு என்று நான் ஆரம்பித்தால் முகம் மாறும். "நான் ஒழுங்காத்தாண்ணா ஓட்டறேன். எவனோ குடிச்சிட்டு வந்து இடிச்சா அது என் தலையெழுத்து. தலையெழுத்துக்கு இன்னாத்துக்குண்ணா காசு?"

நான் கமிஷன்காரன். ஆகவே நான் சொல்வதில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கமிஷனோடு சேர்த்துக் கழித்துவிட முடியவில்லை. அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வருவது வினைப்படி வரும் என்றால் காப்பு எதற்கு? வருவது அடுத்தவன் தப்பால் என்றால் அதற்கு நான் ஏன் கட்ட வேண்டும்? முதலாவது கேள்வியைக் கோயிலுக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்களும் வேறு சொல்லில் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர்கள் பழைய யூனியன்காரர்கள். நான் பிறந்தது சாம்பியன் ரீஃப்பில், தாத்தா காலத்திலிருந்து பௌத்தக் குடும்பத்தில். இரண்டு கேள்வியும் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தவை.

பேசுவதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு பையன். தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடியபோது அவன் கைக்குழந்தை. வளர்ந்து, இந்த ஊரில் பாதிப் பேரைப் போல அவனும் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனான். ராத்திரி கடைசியாக வருகிற வண்டி மாரிகுப்பம் வரை வராது என்பதால் பைக்கைப் பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போவான். ஒரு ராத்திரி திரும்பி வரும்போது, செங்கல் ஏற்றிய டிராக்டர் ட்ரெய்லர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் சந்திலிருந்து ரோட்டில் ஏறியது. பையன் அங்கேயே போய்விட்டான். டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இல்லை. ட்ரெய்லருக்கு நம்பரே இல்லை.

பத்தாம் நாள் முடிந்து அவன் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் காகிதங்களை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். பாலிசியை விரித்துப் பார்த்தேன். போட்டுக் கொடுத்தவர் வேறொருவர். தேர்டு பார்ட்டி இருந்தது. அதோடு 15 லட்சத்துக்கு ஓனர்–டிரைவர் விபத்துக் காப்பும் இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கு மூச்சு வந்தது. பிறகு ஆர்.சி.யைப் பார்த்தேன். வண்டி அம்மா பெயரில். பையனுக்குச் சம்பளச் சீட்டு இல்லாத காலத்தில் வாங்கியது, லோன் கிடைத்தது அம்மாவுக்கு, அதனால் வண்டியும் அம்மாவுக்கு. அந்தக் காப்பு யாருக்கு? பதிவான உரிமையாளர் தானே ஓட்டும்போது, தன் பெயரில் லைசென்ஸ் இருக்கும்போது மட்டும். அந்த அக்காவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. வருஷா வருஷம் அவருக்கு 15 லட்சம் காப்பு இருந்திருக்கிறது, வண்டியை ஓட்டியவனுக்கு ஒரு ரூபாய் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. தங்கவயலில் கே.ஏ. 08 போட்ட பைக்குகளில் எத்தனை அப்பா பெயரில், மாமா பெயரில், விற்றுவிட்டுப் போனவர் பெயரிலேயே ஓடுகின்றன என்று என் மேஜைக்குத் தெரியும். பழைய வண்டி வாங்கி ஆர்.சி. மாற்றாமல் ஓட்டுகிறவருக்கும் இதே கதிதான். இந்த விபத்துக் காப்பு வண்டியோடு சேர்ந்து கைமாறுவதில்லை.

அக்காவுடைய பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, பையனுடைய பாஸ்புக் இருக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் கொண்டு வந்தார். மே மாதக் கடைசியில் 20 ரூபாய் எடுத்த ஒரு வரி இருந்தது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. 2015இல் 12 ரூபாயில் ஆரம்பித்தது, 2022இலிருந்து 20. விபத்தில் இறந்தால் 2 லட்சம், யார் இடித்தார்கள், இடித்தவனிடம் காப்பீடு இருந்ததா, வண்டி யார் பெயரில் என்று எதுவும் கேட்பதில்லை. கணக்கு ஆரம்பித்த அன்று பேங்கில் எங்கோ கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், பையனுக்கே ஞாபகம் இருந்திருக்காது. முதல் தகவல் அறிக்கை, பிரேத பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று எல்லாம் வைத்து பேங்கில் கொடுத்தோம். அந்த 2 லட்சம் வந்தது.

டிராக்டர்காரன் மேல் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார்கள். தீர்ப்பும் அக்கா பக்கம்தான். ஆனால் தீர்ப்பு வேறு, பணம் வேறு. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று எதிர்ப்பக்கம் இருந்தால் லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை என்று அது தட்டிக்கழித்தாலும் பல வழக்குகளில், முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று கோர்ட் சொல்லும். கம்பெனியே இல்லாதபோது அந்த வழி இல்லை. தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று எழுதும், நில வரி பாக்கியைப் போல அதை வசூலிக்க வேண்டும். வசூலிக்க அவன் பெயரில் நிலம் இருக்க வேண்டுமே? எல்லாம் அண்ணன் பெயரில். காப்பீடு இல்லாமல் விபத்து செய்த வண்டியை ஈடு கட்டாமல் விடக்கூடாது, ஏலம் விட்டு அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் மாநிலங்களுக்குச் சொன்னதுண்டு. பழைய டிராக்டர் ஏலத்தில் என்ன விலை போகும் என்று ஆண்டர்சன்பேட்டை பழைய இரும்புக் கடையில் கேட்டால் தெரியும்.

கோர்ட் வராந்தாவில் அந்த டிராக்டர்காரன் அக்காவின் காலில் விழாத குறையாக நின்று கன்னடத்தில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. எல்லாம் விதி தாயி, என் கையில் என்ன இருக்கிறது என்றான். சாவு வீட்டில் எல்லோரும் சொன்ன அதே சொல். அங்கே அது ஆறுதலாக இருந்தது. அவன் வாயில் அது ஒரு விடுதலைப் பத்திரம். பின்விளக்குக்குச் செலவழிக்காதது அவன், பிரீமியம் கட்டாதது அவன், பழி பிரம்மாவுக்கு.

எங்கள் தாத்தாக்கள் அயோத்திதாசர் காலத்திலேயே, அதாவது நூற்றுச் சொச்சம் வருஷம் முன்னால், மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் பௌத்த சங்கம் வைத்தவர்கள். பாறைக்கடியில் ஷிப்டு முடித்து மேலே வந்து, குளித்து, அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகையை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். அயோத்திதாசர் 1914இல் போன பிறகு, 1926இல் அப்பாதுரையார் அதை மறுபடியும் இந்த ஊரிலிருந்தே நடத்தினார். அயோத்திதாசரின் எழுத்துகளைப் புத்தகமாக்கிய சித்தார்த்தா புத்தகசாலையும் சாம்பியன் ரீஃப்பில்தான் இருந்தது. அந்த மனிதர்களுக்கு வினை என்ற பேச்சு வெறும் தத்துவம் இல்லை. நீ இந்தச் சாதியில் பிறந்தது உன் முன்வினை என்று சொல்லித்தான் அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்தவர்கள் அந்தக் கணக்கை ஏற்காமல் வந்தவர்கள். திண்ணையில் குறளை வைத்துக்கொண்டு சண்டை நடக்கும். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார், எது பெரிது? என் தாத்தா இரண்டாவதன் கட்சி.

பையனின் நினைவு நாளில் சங்கத்துப் பெரியவர் ஒருவர் படித்துச் சொன்னது சம்யுத்த நிகாயத்தில் உள்ள ஓர் உரையாடல். மோளிய சீவகன் என்ற துறவி புத்தரிடம் வந்து கேட்கிறான்: மனிதன் அனுபவிக்கும் இன்பமும் துன்பமும் எல்லாமே முன் செய்த வினையால் என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? புத்தர் எட்டுக் காரணம் அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், ஒழுங்கற்ற நடப்பு, பிறர் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாவற்றையும் அதிலேயே போடுகிறவர்கள் தாங்கள் கண்டறிந்ததையும் தாண்டிப் பேசுகிறார்கள், உலகம் உண்மை என்று ஒப்புக்கொண்டதையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார்.

இந்த எட்டில் டிராக்டர் எங்கே வரும்? பெரியவர் 'பிறர் தாக்குதல்' என்றார். எனக்கென்னவோ 'ஒழுங்கற்ற நடப்பு' என்பதிலும் பாதி வரும் என்று படுகிறது. நடப்பு அவனுடையது, துன்பம் இவனுடையது. எப்படியானாலும் வினைக் கணக்கில் போட்டு மூட முடியாது. மூட முடியாது என்றால் மீதி ஏழுக்கும் மனிதன் ஏதாவது செய்யக் கடமைப்பட்டவன். பித்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவன் வினையை மீறுகிறான் என்று யாரும் சொல்வதில்லை. அப்படியிருக்க, அடுத்தவன் அலட்சியத்துக்கு எதிராக ஓர் ஏற்பாடு செய்துகொண்டால் மட்டும் நம்பிக்கைக் குறைவா?

பற்று என்று இன்னொரு பேச்சு உண்டு. பௌத்தனாக இருந்துகொண்டு நாளைக்காகப் பணம் கட்டுவது பற்று இல்லையா என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். பிக்குவுக்கு அது பொருந்தும், அவருக்குப் பைக்கும் இல்லை, வீட்டுக் கடனும் இல்லை. இல்லறத்தானுக்குப் புத்தர் சொன்னது சிகாலோவாத சூத்திரத்தில் இருக்கிறது. வருமானத்தை நான்காக்கு, ஒரு பங்கில் வாழ், இரண்டு பங்கைத் தொழிலில் போடு, நான்காவதை ஆபத்துக்கென்று வை. ஆபத்து யார் தப்பால் வந்தது என்று பார்த்துச் செலவு செய் என்று அதில் இல்லை.

இரண்டாவது கேள்விதான் எனக்குக் கடினமானது. எங்கள் பக்கத்து வரிசையில் இருக்கும் தோழர் ஒருவர், சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்து யூனியனில் காலத்தைக் கழித்தவர். கம்யூனிஸ்டுகளையும் ரிபப்ளிகன் கட்சியையும் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி இது, அவர்களில் மிச்சமிருக்கிறவர்களில் ஒருவர். அவர் சொன்னார்: "தம்பி, வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுக்கு வரக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. அதை நடத்தறது கவர்மெண்ட் வேலை. நடத்தாம வுட்டுட்டு, இடி வாங்கறவனைப் பார்த்து நீயே கட்டிக்கோன்றது இன்னா நியாயம்? நாளைக்குத் திருடனைப் புடிக்க மாட்டேன், நீ பெட்டிக்குப் பூட்டு வாங்குன்னுவான்."

அவர் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. நாட்டில் பதிவான வண்டிகளில் பாதிக்கும் மேல் காப்பீடு இல்லாதவை என்று அந்தத் துறையே ஒப்புக்கொள்கிறது, அதில் பெரும்பகுதி இருசக்கர வண்டி. முதல் தடவை பிடித்தால் அபராதம் 2,000 ரூபாய், மறுமுறை 4,000. பிடிபடாமல் ஓடினால் 714 மிச்சம் என்று கணக்குப் போடுகிறவனுக்கு இது பயமாகத் தெரிவதில்லை. அமெரிக்காவில் இதற்கென்றே தனிக் காப்பு உண்டு. இடித்தவனிடம் காப்பீடு இல்லாவிட்டால் உன் கம்பெனியே அவன் இடத்தில் நின்று உனக்குக் கொடுக்கும், சில மாநிலங்களில் அது கட்டாயமும்கூட. நம் ஊரில் அந்தப் பெயரில் ஒன்றும் கிடையாது. இடித்தது யாரென்றே தெரியாமல் ஓடிவிட்டால் அரசுத் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. 2022 ஏப்ரல் வரை அது வெறும் 25,000-மும் 12,500-மும்தான். அதையும் வாங்குவோர் எத்தனை பேர்? 2022இல் மட்டும் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,000-க்கும் மேல். கேட்டு விண்ணப்பித்தவர்கள் சில நூறு பேர்தான் என்று கண்டு உச்ச நீதிமன்றமே 2024 ஜனவரியில், திட்டத்தைப் பற்றிக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை என்று உத்தரவிட்டது. ஆக, ஓடிப்போனவன் இடித்தால் 2 லட்சம். நின்றவன், ஆனால் கையில் ஒன்றும் இல்லாதவன் இடித்தால் ஒரு தீர்ப்பு நகல்.

தோழருக்கு நான் சுரங்கத்தையே பதிலாகச் சொன்னேன். ஏர்பிளாஸ்டில் பாறை வெடித்து ஆள் போனால் யார் தப்பு என்று கேட்டோமா? மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை தன் அழுத்தத்தில் வெடிப்பதற்கு யாரைக் கூண்டில் ஏற்றுவது? தூசு தின்ற நுரையீரலுக்கு? இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலாக 1934இல் பதிவானது இந்தச் சுரங்கங்களில்தான். எந்த வருஷத்துத் தூசு, எந்த மேஸ்திரி காலத்துத் தூசு என்று பிரித்துத் தப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் பணம் என்றால் ஒரு விதவைக்கும் ஒரு காசு வந்திருக்காது. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பெரிய விஷயமே, முதலாளியின் தப்பை நிரூபிக்காமலே காயத்துக்குப் பணம் என்பதுதான். அது இல்லாதபோது, செத்தவன்தான் கவனமில்லாமல் இருந்தான் என்று எழுதுவது சுலபமாக இருந்தது. சாட்சி சொல்ல அவன் வரமாட்டான். அதற்கும் மேலே, ஒரு வீட்டில் சாவு விழுந்தால் லைனில் வீட்டுக்கு இவ்வளவு என்று துண்டில் வசூலிப்போம். அந்தத் துண்டு வரும்போது யாரும் 'தப்பு கம்பெனியுடையது, நான் ஏன் போட வேண்டும்' என்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"அது வேற, இது வேற," என்றார் தோழர். "துண்டுல போட்டோம், அப்புறம் கேட்டுல நின்னு கொடியும் புடிச்சோம். நீ துண்டை மட்டும் விக்கற."

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. விஷ அம்பு பட்டவன் கதையை எங்கள் சங்கத்தில் அடிக்கடி சொல்வார்கள். எய்தவன் யார், எந்தக் குலம், வில் எந்த மரம் என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால் அதற்குள் செத்துப்போவான். புத்தர் அதைச் சொன்னது, உலகம் நிலையானதா இல்லையா என்பது போன்ற கேள்விகளுக்காக. அதைக் கொண்டுவந்து, எய்தவனைக் கேட்காதே என்று பொருள் பண்ணுகிறவர்கள் உண்டு. ஆனால் அதே ஆள் அதே சந்தில் நின்று அடுத்தவன் மேலும் எய்துகொண்டிருந்தால், அம்பைப் பிடுங்கிய பிறகாவது அவனைத் தேடித்தானே ஆக வேண்டும். காப்பு துன்பத்துக்குப் பதில் சொல்லும். நியாயத்துக்குப் பதில் சொல்லாது. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளுகிறவர்களில் டிராக்டர்காரனும் உண்டு, அரசும் உண்டு, என்னைப் போல் பாலிசி விற்கிறவனும் உண்டு.

இதில் தேர்டு பார்ட்டி பிரீமியம் மட்டும் எனக்கு வேறு தரத்தில் தெரிகிறது. அந்த 714 ரூபாய் எனக்கானதே அல்ல. நான் இன்னும் பார்க்காத, என் வண்டி என்றோ இடித்துவிடக்கூடிய ஒருவருக்காகக் கட்டுவது. அதைக் கட்டாதவன் தன் பணத்தை மிச்சப்படுத்தவில்லை, முகம் தெரியாத ஒரு வீட்டுப் பணத்தை எடுத்துக்கொள்கிறான். தானம் என்றால் வாங்குகிறவர் முகம் தெரியக்கூடாது என்பார்கள், அப்படிப் பார்த்தால் ஊரில் அதிகம் பேர் செய்யக்கூடிய தானம் இதுதான். போலீஸுக்குக் காட்டுகிற தாள் என்று அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

தனக்கென்று கட்டுவதைப் பற்றி, கேட்டவர்களுக்கு நான் சொல்வது இது. 15 லட்சத்துக்கான ஓனர்–டிரைவர் காப்பு சட்டப்படி கட்டாயம். வேறு பாலிசி இருக்கிறது என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டால் கம்ப்யூட்டர் விட்டுவிடும், பாதிப் பேர் இல்லாமலே டிக் போடுகிறார்கள். 2018இல் அதற்கு 750 ரூபாய் என்று விலை வைத்தார்கள், பிறகு விலையைக் கம்பெனிகளிடம் விட்டதால் இப்போது அதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. உயிர் போனாலோ இரண்டு கை, கால், கண் போனாலோ முழுத் தொகை, ஒன்று போனால் பாதி. ஆஸ்பத்திரிச் செலவு இதில் வராது. அதற்கு 2025 மே மாதம் வந்த திட்டத்தில் விபத்து நடந்து ஏழு நாள் வரை ஒன்றரை லட்சத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. வண்டி உங்கள் பெயரில் இல்லையென்றால் இந்தக் காப்பில் காசைப் போடாதீர்கள். உங்கள் பெயரிலேயே தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுங்கள், அது ரோட்டைக் கடக்கும்போதும் கூட வரும். பேங்கில் அந்த 20 ரூபாய் போகிறதா என்று பாருங்கள், போகிறது என்று வீட்டில் சொல்லியும் வையுங்கள்.

பின்னால் உட்காருகிறவர் விஷயம் பலருக்குத் தெரியவே தெரியாது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் பில்லியனில் இருக்கும் மனைவி வரமாட்டார், உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது. எதிர் வண்டிக்குக் காப்பீடு இருந்தால் அங்கே கேட்கலாம். அதற்கும் இல்லையென்றால், கணவன் மேல் தப்பும் இல்லை, மனைவிக்குப் பணமும் இல்லை. பின்னால் உட்காருகிறவருக்கு லட்ச ரூபாய்க் காப்பு நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம்.

இதைச் சொன்னபோது தோழர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கோலார் வரை மகள் வீட்டுக்குப் போகிறவர் அவர். "அம்மாவுக்கு மட்டும் போடு," என்றார். "எனக்கு வேணாம், நான் கொள்கைக்காரன்." பிறகு பையிலிருந்து ஒரு மனுவை எடுத்தார். பங்காருப்பேட்டை ரோட்டில் ராத்திரி ஓடுகிற செங்கல், மணல் டிராக்டர்களை நிறுத்தி இன்சூரன்ஸும் பின்விளக்கும் பார்க்க வேண்டும், இல்லாததைப் பிடித்து வைக்க வேண்டும் என்று தங்கவயல் எஸ்.பி. ஆபீஸுக்கு எழுதியது. கன்னடத்தில் ஒரு பிரதி, இங்கிலீஷில் ஒரு பிரதி. பிரிண்ட் எடுத்ததற்கு நான் காசு வாங்கவில்லை. கையெழுத்துப் போட்டேன், கடையில் நின்றிருந்த மூன்று பேரிடமும் வாங்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது, அம்மாவுக்குப் போட்ட காப்பில் எனக்கு எவ்வளவு கமிஷன் என்று கேட்டார். சொன்னேன். அதை மனுவுக்கான தபால் செலவில் கழித்துக்கொள்ளச் சொன்னார்.